குடும்பத்துக்கு எந்த நாற்காலி?

1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் முளைத்தன. நோயாளிகள் நிரம்பி வழிந்தார்கள்; கவனிக்க ஆள் போதவில்லை. நோயாளியை அழைத்துவந்த உறவினரிடம் ‘விட்டுவிட்டுப் போங்கள்’ என்று சொல்வதுதான் அந்தக் கால மனநல மருத்துவமனைகளின் வழக்கம். கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் வித்யா சாகர் ‘நீங்களும் தங்குங்கள்’ என்றார். அம்மாக்களும் அண்ணன்களும் கணவன்மாரும் கூடாரத்தில் தங்கி நோயாளியைக் கவனித்தார்கள். நோயைப் பற்றி மருத்துவர் பேசுவதைக் கூட்டமாக உட்கார்ந்து கேட்டார்கள். பக்கத்துக் கூடாரத்தில் ஒருவர் தேறிவருவதைக் கண்ணால் பார்த்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது, பைத்தியம் என்று கூட்டிவந்தவரை நோயிலிருந்து மீண்டவராகக் கூட்டிப்போனார்கள்.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அமெரிக்காவிலும் குடும்பங்கள் வார்டுக்குள் குடியேறின. வாஷிங்டனை அடுத்த பெதஸ்டாவில், அரசின் தேசிய மனநலக் கழகத்தில், 1954-இல் மர்ரே போவன் என்ற மருத்துவர் ஒரு சோதனையைத் தொடங்கினார். மனச்சிதைவு நோய் கண்ட இளையவர்களோடு முதலில் அவர்களுடைய தாய்மாரை வார்டில் தங்கவைத்தார். பிறகு அப்பா, உடன்பிறந்தவர்கள் என்று வீட்டையே தங்கவைத்தார். வெளித்தோற்றத்துக்கு அமிர்தசரஸும் பெதஸ்டாவும் ஒன்றுபோலத்தான் இருந்தன. நோக்கம்தான் வேறு. அமிர்தசரஸில் குடும்பத்தை உள்ளே அழைத்தது நோயாளிக்குத் துணையாக. பெதஸ்டாவில் அழைத்தது, நோய் குடும்பத்தில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க.

குடும்ப சிகிச்சை என்ற துறை இந்த எழுபது ஆண்டுகளில் எத்தனையோ கொள்கைகளைக் கண்டுவிட்டது. ஆனாலும் அதன் சண்டைகளெல்லாம் கடைசியில் இரண்டு கேள்விகளில் வந்து நிற்கின்றன: அறைக்குள் யாரை அழைப்பது? வந்தவரை எந்த நாற்காலியில் உட்காரவைப்பது, குற்றவாளியாகவா, கூட்டாளியாகவா? மேற்கு நாடுகளுக்குக் குடும்பத்தை அறைக்குள் கொண்டுவருவதே சாதனையாக இருந்தது. இந்தியாவில் அறை ஏற்கெனவே குடும்பத்தால் நிரம்பித்தான் இருக்கிறது. இங்கே சாதனை என்பது, அந்தக் கூட்டத்துக்கு நடுவே நோயாளிக்கென்று தனியாக ஒரு நாற்காலி போடுவது. இன்று இந்தத் துறையில் நடக்கும் மாற்றங்களையும் வாதங்களையும் இந்த முரணை வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும்.

அம்மா மேல் விழுந்த பழி

1948-இல் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ரீடா ஃப்ரோம்-ரீக்மன் ஒரு கட்டுரையில் ‘மனச்சிதைவை விளைவிக்கும் தாய்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். பாசமும் காட்டாமல் பிடியும் விடாமல் பிள்ளையைப் பாடுபடுத்தும் அம்மா என்பது அதன் சாரம். 1956-இல் கலிஃபோர்னியாவில் மானிடவியலாளர் கிரிகரி பேட்சனும் டான் ஜாக்சன், ஜே ஹேலி, ஜான் வீக்லண்ட் ஆகியோரும் ‘இரட்டைக் கட்டு’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். வாய் ‘வா’ என்கிறது, உடம்பு ‘போ’ என்கிறது. இரண்டில் எதைக் கேட்டாலும் தப்பாகிவிடும் நிலையில் வளரும் பிள்ளை நிலைகுலைகிறது என்பது அவர்கள் வாதம்.

பேட்சன் குழு தந்த பார்வை இன்றைக்கும் பயன்படுகிறது. ஒருவரின் நடத்தையை அவருடைய மண்டைக்குள் மட்டும் தேடாமல், அவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவே நடப்பதில் தேடலாம் என்பது அந்தப் பார்வை. மனச்சிதைவுக்கு அம்மாதான் காரணம் என்ற பகுதிக்கு மட்டும் ஆய்வுகள் ஆதரவு தரவில்லை. அதற்குள் ஒரு தலைமுறைப் பெற்றோர், பிள்ளையின் நோயோடு தாங்கள்தான் காரணம் என்ற பழியையும் சேர்த்துச் சுமந்துவிட்டார்கள். 1980-களுக்குப் பிறகு வந்த குடும்ப சிகிச்சை முறைகளில் பலவும், ஒரு வகையில், இந்தப் பழிக்குச் செய்த பிராயச்சித்தமே.

அந்தத் திருப்பம் துலக்கமாகத் தெரியும் இடம் சாப்பாட்டு மேசை. அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சால்வடோர் மினுச்சின், நாற்காலிகளை நிஜமாகவே இடம் மாற்றி உட்காரவைப்பதில் பேர்போனவர். அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவே அப்பாவை உட்காரச் சொல்வார். அப்பா-அம்மா சண்டையில் தூது போகும் மகளை எழுப்பித் தள்ளி உட்காரவைப்பார். பட்டினி கிடந்து உடல் வற்றும் அனோரெக்ஸியா நோய் கண்ட பெண்பிள்ளைகளின் குடும்பத்தோடு ஃபிலடெல்ஃபியாவில் மதிய உணவு நேரத்திலேயே சிகிச்சை அமர்வை நடத்தினார். தட்டு முன்னால் இருக்கும்போது அந்த வீட்டில் யார் யாரோடு எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்தார். 1978-இல் வந்த அவருடைய நூல், இந்த நோய்க்கு வளமான மண்ணாக இருக்கும் ஒரு குடும்ப வகையே உண்டு என்று வாதிட்டது.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவாகி இன்று உலகெங்கும் பரவியிருக்கும் முறையும் அதே மேசையைத்தான் பயன்படுத்துகிறது, ஆனால் கருத்தைத் தலைகீழாக்கிவிட்டது. பெற்றோர்மேல் பழியில்லை. நோய் எப்படி வந்தது என்ற விசாரணையே முதலில் இல்லை. இரண்டாவது அமர்வுக்கு, பட்டினி கிடக்கும் பிள்ளைக்கு எது தேவை என்று பெற்றோர் நினைக்கிறார்களோ அந்தச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வரவேண்டும். மற்றவர்களோடு சேர்த்து அந்தப் பிள்ளைக்கும் பரிமாறுகிறார்கள். அவள் எடுத்துக்கொள்ள மறுத்தால், சிகிச்சையாளர் அவளோடு வாதாடுவதில்லை. பெற்றோர் பக்கம் திரும்பி, அவள் நினைத்ததைவிட ஒரு வாய் அதிகம் சாப்பிடவைக்க இரண்டு பேரும் சேர்ந்து என்ன செய்யலாம் என்று அவர்களுக்கே கைகொடுக்கிறார். ‘இன்னும் ஒரு வாய்’ என்பது தமிழ் அம்மாக்களுக்குச் சொல்லித்தர வேண்டிய வாக்கியம் இல்லை. அதே வாக்கியத்தைக் கெஞ்சலாகவோ மிரட்டலாகவோ இல்லாமல் அப்பாவும் அம்மாவும் ஒரே குரலில் சொல்வதுதான் இங்கே பயிற்சி.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டிலும் சிகாகோவிலும் 121 வளரிளம் பருவத்தினரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப் பிறகு இந்த முறையில் முழுமையாகத் தேறியவர்கள் 49 விழுக்காடு. தனிநபர் சிகிச்சை பெற்றவர்களில் 23 விழுக்காடு. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அனோரெக்ஸியா கண்ட சிறார்க்கும் இளையோர்க்கும் குடும்ப சிகிச்சையையே முதலில் பரிந்துரைக்கிறது.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்கள்

சிகிச்சை நுட்பத்திலும் இதே திருப்பம் நடந்தது. 1970-களில் இத்தாலியின் மிலான் நகரில் மாரா செல்வீனி பலாட்ஸோலியின் குழு ஒருவழிக் கண்ணாடி வைத்து வேலை செய்தது. ஒருபுறம் குடும்பமும் சிகிச்சையாளர்களும். மறுபுறம், குடும்பத்தின் கண்ணில் படாமல், சக சிகிச்சையாளர்கள். நடுவே எழுந்துபோய்க் கலந்துபேசிவிட்டு வந்து தீர்ப்புப்போல ஒரு செய்தியைச் சொல்வார்கள். 1985-இல் நார்வேயின் டிராம்ஸோ நகரில் டாம் ஆண்டர்சன் இதைத் திருப்பிப்போட்டார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குழுவின் அறையில் விளக்கைப் போட்டு, அவர்கள் பேசுவதைக் குடும்பம் பார்க்கவும் கேட்கவும் வழிசெய்தார். தன்னைப் பற்றி வல்லுநர்கள் தனக்குத் தெரியாமல் பேசிய காலம் அங்கே முடிந்தது.

ஃபின்லாந்தின் மேற்கு லாப்லாந்தில், டோர்னியோ நகரத்து கெரோபுடாஸ் மருத்துவமனையில், யாக்கோ செய்க்குலாவும் உடன்பணியாளர்களும் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். திறந்த உரையாடல் என்று பெயர். ஒருவருக்கு மனம் குழம்பிய நிலை வந்தால் இயன்றவரை ஒரு நாளுக்குள் முதல் கூட்டம், பெரும்பாலும் வீட்டிலேயே. நோயாளியும் குடும்பமும் மருத்துவக் குழுவும் ஒரே வட்டத்தில் உட்கார்கிறார்கள். மருந்து கொடுப்பதா, மருத்துவமனையில் சேர்ப்பதா என்ற பேச்செல்லாம் நோயாளியின் முன்னிலையில்தான். லாப்லாந்திலிருந்து வந்த முடிவுகள் வியப்பூட்டுபவை. ஆனால் சிறிய மக்கள்தொகை, குலுக்கல் முறையில் பிரிக்காத ஒப்பீடு என்ற குறைகள் அவற்றுக்கு உண்டு என்பதால் வேறு நாடுகளில் அதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கும் வேலை தொடங்கியது.

ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூஸிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் வேறு வாசலைத் திறந்தார்கள்: ஆள் வேறு, பிரச்சினை வேறு. துணியிலேயே மலம் கழித்துவிடும் ஒரு சிறுவனின் குடும்பத்தோடு வைட் செய்த வேலை இத்துறையில் ஒரு செவிவழிக் கதைபோலவே ஆகிவிட்டது. அந்தத் தொல்லைக்கு அவர்கள் ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். தமிழில் ‘கள்ளக் கக்கா’ என்று சொல்லலாம். கள்ளக் கக்கா எப்போது பதுங்கிவருகிறது, யாரை ஏமாற்றுகிறது, எந்த நாளில் தோற்றுப்போனது என்று கேட்கக் கேட்க, பையனும் அம்மாவும் அப்பாவும் ஒரே கட்சியானார்கள். எதிர்க்கட்சி பையன் இல்லை, கக்கா.

தமிழின் இலக்கணத்தில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. நமக்குக் கோபம் ‘வருகிறது’, பயம் ‘பிடித்துக்கொள்கிறது’, சலிப்பு ‘தட்டுகிறது’. எல்லாம் எங்கிருந்தோ வந்து போகும் விருந்தாளிகள். அதே வாயால் ஒரே மூச்சில் ‘அவன் கோவக்காரன்’, ‘அவ அழுமூஞ்சி’ என்று ஆளின்மேல் முத்திரையும் குத்திவிடுகிறோம். முதல் வகை வாக்கியத்திலிருந்து இரண்டாவதற்கு வீடு எப்போது நழுவுகிறது என்று காதுகொடுத்துக் கேட்பதே தமிழில் வேலை செய்யும் சிகிச்சையாளருக்குப் பாதி வேலை.

எது பலித்தது, எது பலிக்கவில்லை

மனச்சிதைவில் குடும்பத்தின் பங்கு பற்றிய பேச்சும் இடம் மாறியது. பிரிட்டனில் ஜார்ஜ் பிரவுன், ஜூலியன் லெஃப், கிறிஸ்டீன் வாஹன் ஆகியோரின் ஆய்வுகள், நோயைக் குடும்பம் உண்டாக்குகிறதா என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, தேறிவந்தவர் மறுபடி விழுவதை வீட்டுச் சூழல் எப்படிப் பாதிக்கிறது என்று கேட்டன. ஓயாத குறைகூறல், பகை, அளவுமீறிய தலையீடு இவை மிகுந்த வீடுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டார்கள். 1987-இல் சண்டிகரிலிருந்து வந்த ஆய்வு, லண்டன் குடும்பங்களைவிட இந்தியக் குடும்பங்களில் இந்தக் கடுப்பு குறைவு என்று காட்டியது. இத்தகைய ஆய்வுகளிலிருந்து பிறந்த குடும்பக் கல்வி முறைகள் இன்று உலகெங்கும் மருந்தோடு சேர்த்துத் தரப்படுகின்றன. இது என்ன நோய், மாத்திரை ஏன், சோம்பேறித்தனம்போலத் தெரிவது நோயின் குறியாக இருக்கலாம், சண்டையை எப்படிச் சின்னதாக முடிப்பது என்பவைதான் பாடங்கள்.

இந்தியாவில் இதைச் செய்ய ஆள் எங்கே என்ற கேள்விக்கு ஒரு விடை காஞ்சிபுரம் வட்டாரத்தில் கிடைத்தது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய இடங்களில் 282 பேரிடம் நடத்தப்பட்டு 2014-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், மருத்துவப் பட்டம் எதுவுமில்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் நோயாளியோடும் குடும்பத்தோடும் வேலை செய்தார்கள். மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் நிலை ஓரளவு மேம்பட்டது. அந்த மேம்பாடு பெரியது இல்லை. ஆனால் மனநல மருத்துவர்கள் மிகக் குறைவாக இருக்கும் நாட்டில் அதுவே கவனிக்கத்தக்கது.

எல்லா இடத்திலும் பலித்துவிடவில்லை. தற்காயம் செய்துகொண்ட 11 முதல் 17 வயதுவரையான 832 பேரை வைத்து இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. குடும்ப சிகிச்சை பெற்றவர்களில் 28 விழுக்காட்டினரும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 25 விழுக்காட்டினரும் பதினெட்டு மாதங்களுக்குள் மறுபடி தற்காயத்தோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். வித்தியாசம் இல்லை என்றே பொருள். அதே ஆண்டில், நடத்தைக் கோளாறு மிகுந்த சிறார்களின் 684 குடும்பங்களிடம் நடந்த இன்னோர் ஆங்கிலேய ஆய்விலும், வீட்டுக்கே போய் மாதக்கணக்கில் தரும் தீவிர முறை, வழக்கமான சேவையைவிடச் சிறந்ததாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் நல்ல பெயர் எடுத்த முறை அது. ஓரளவு நல்ல பொதுச்சேவை ஏற்கெனவே இருக்கும் நாட்டில் புதிய முறை கூடுதலாக எதைத் தரும் என்பது வேறு கணக்கு. ‘குடும்ப சிகிச்சை நல்லதா?’ என்ற மொத்தக் கேள்வியை விட்டுவிட்டு, எந்த நோய்க்கு, எந்த வயதில், எதோடு ஒப்பிட்டு என்று பிரித்துக் கேட்பதே இப்போதைய ஆய்வுப் போக்கு.

‘நீங்களே சொல்லுங்க, யார் மேல தப்பு?’

தமிழ்நாட்டின் எந்த ஊர் மனநலப் புறநோயாளிப் பிரிவிலும் காணக்கூடிய காட்சி இது. பதினாறு வயதுப் பெண். பள்ளிக்குப் போகமாட்டேன் என்று மூன்று மாதமாக அறைக்குள். கூட வந்திருப்பவர்கள் அப்பா, அம்மா, அப்பத்தா, தாய்மாமன். அறையில் இருப்பது மூன்று நாற்காலி. அப்பாவும் மாமனும் அப்பத்தாவும் உட்கார்கிறார்கள். அம்மா சுவரோரம் நிற்கிறார். பெண் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால். ‘என்ன பேரும்மா?’ என்று ஆலோசகர் கேட்கிறார். பதில் அப்பாவிடமிருந்து வருகிறது. ‘என்ன கஷ்டம்?’ மாமன் சொல்கிறார். அரைமணி கழித்து அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறார்: ‘நீங்களே சொல்லுங்க சார், யார் மேல தப்பு?’

அந்தக் கேள்வி பஞ்சாயத்தின் கேள்வி. குடும்பச் சிக்கலுக்குத் தாய்மாமனையோ ஊர்ப் பெரியவரையோ கூப்பிட்டுத் தீர்ப்புக் கேட்டுப் பழகிய வீடு, மருத்துவரிடமும் அதையே எதிர்பார்க்கிறது. போதாக்குறைக்கு, தமிழ்நாட்டில் ‘கவுன்சிலிங்’ என்ற சொல் வீடு வீடாகப் போனது பொறியியல் கல்லூரிச் சேர்க்கையின் வழியாக. அங்கேயும் பொருள், முடிவான ஓர் ஒதுக்கீடு. பக்கம் சாயாமல், அறிவுரை சொல்லாமல் கேட்பதே நல்லது என்று மேற்கத்தியப் பாடநூலில் படித்துவிட்டு வந்த இளம் ஆலோசகர், இந்த எதிர்பார்ப்பின் முன் தடுமாறுகிறார். மனநல மருத்துவர் ஜே.எஸ். நேக்கி 1973-லேயே இதைப் பேசினார்: குரு-சீடர் உறவைச் சிகிச்சை உறவுக்கு ஒரு மாதிரியாகக் கொள்ளலாமா என்று கேட்டார். இன்று பலரும் நடுவழியில் போகிறார்கள். முதலில் பெரியவருக்குரிய இடத்தை ஏற்று, கேட்டதற்கு ஒன்றிரண்டு நேரடி யோசனை சொல்லிவிட்டு, நம்பிக்கை வந்தபின் கேள்வியைக் குடும்பத்திடமே திருப்பித் தருகிறார்கள்.

ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கேட்கும் மிலான் குழுவின் சுற்றுக் கேள்வி இங்கே எதிர்பாராமல் நன்றாகப் பொருந்துகிறது. பெரியவரைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே சின்னவர் குறை சொல்வது நம் வீடுகளில் மரியாதைக் குறைவு. ‘அப்பா உன்னைத் திட்டுவாரா?’ என்றால் வாய் திறக்காது. ‘அக்கா கதவைச் சாத்திக்கிட்டா முதல்ல யாரு போய்த் தட்டுவாங்க? அம்மா தட்டும்போது அப்பா என்ன செஞ்சிட்டிருப்பாரு?’ என்று தம்பியிடம் கேட்டால் வீடே கண்முன் விரிகிறது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

பொருந்தாதவையும் உண்டு. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் போட்டு மூன்று தலைமுறையை வரையும் ஜீனோகிராம் என்ற வம்ச வரைபடம் இத்துறையின் அடிப்படைக் கருவி. பாடநூல் படத்தில் இரு குடும்பங்கள் திருமணத்தால் இணைந்து கீழே கிளைவிடும். தமிழ்நாட்டிலோ, 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, திருமணமான பெண்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் உறவுக்குள் மணந்தவர்கள். கோடுகள் போன வழியே திரும்பி வந்து முடிச்சாகின்றன. மாமியார்-மருமகள் சண்டை என்று வரும் வழக்கில், மாமியார் மருமகளின் சொந்த அத்தையாக இருப்பார். அவள் தாய்வீட்டுக்குப் போய் அப்பாவிடம் முறையிட்டால், அவர் தன் அக்காமேல் புகார் கேட்கவேண்டும். பிறந்த வீடு, புகுந்த வீடு என்று எல்லை பிரித்துப் பேசும் சிகிச்சை அங்கே எந்தக் கோட்டின்மேல் நிற்கும்?

சமத்துவமில்லாத வட்டம்

குடும்பத்தில் நடப்பது ஒரு வட்டம், அவர் இப்படிச் செய்ய இவர் அப்படிச் செய்கிறார், தொடக்கம் என்று ஒன்று இல்லை. இது பேட்சன் வழிவந்த பார்வை. 1978-இல் ரேச்சல் ஹேர்-மஸ்டின் அதில் ஓட்டை இருப்பதைச் சுட்டினார். வட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் அதிகாரம் சமம் இல்லை. அடிப்பவரையும் அடிபடுபவரையும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள் என்று சொன்னால், அடிக்கு யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடும். வன்முறை நடக்கும் வீட்டில் தம்பதியைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசினால், அறையில் வெளிவந்த உண்மைக்கு அவள் வீட்டில் விலை கொடுக்க நேரிடும். ஆகவே தனித்தனியே பேசி, ஆபத்து உண்டா என்று கணித்த பிறகே கூட்டு அமர்வு என்பது இன்று ஏற்கப்பட்ட நடைமுறை.

இந்தியச் சட்டங்கள் இங்கே இரண்டு திசையில் இழுக்கின்றன. 1984-இன் குடும்ப நீதிமன்றச் சட்டம் முதலில் சமரசத்துக்கு முயலும் கடமையை நீதிமன்றத்துக்குத் தருகிறது. 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், ஆலோசனைக்குத் தனியாகவோ சேர்த்தோ அனுப்பும் அதிகாரத்தை நடுவருக்குத் தருகிறது. தமிழ்நாட்டில் 1992 முதல் இயங்கும் அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் ஒரு நாளில் பலமுறை கேட்கும் சொல் ‘கவுன்சிலிங்’. அந்தச் சொல்லின் நடைமுறைப் பொருள் பெரும்பாலும் ‘சேர்த்துவைப்பது’. சிகிச்சையறையில் பிரிவதும் ஒரு நல்ல முடிவாக இருக்கலாம். இந்த வித்தியாசத்தைப் பயிற்சியாளர்கள் அழுத்திச் சொல்கிறார்கள், ஆனால் தம்பதியர் பலர் முதலில் சந்திப்பது சிகிச்சையாளரை இல்லை, காவலரை.

யார் ‘ஆலோசகர்’ என்ற பலகை மாட்டலாம் என்பதும் தீராத கேள்வி. அமெரிக்காவில் கலிஃபோர்னியா 1963-இல் இத்தொழிலுக்கு உரிமம் கொண்டுவந்தது. 2024 ஜனவரி முதல் முதியோருக்கான மெடிகேர் காப்பீடும் குடும்ப சிகிச்சையாளர்களுக்குக் கட்டணம் தருகிறது. இந்தியாவில் மருத்துவ உளவியலாளர்கள் மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். குடும்ப சிகிச்சையாளர் என்று தனி உரிமம் இல்லை. 2021-இன் துணைநிலைச் சுகாதாரப் பணியாளர் சட்டம் ஆலோசகர்கள் உள்ளிட்ட நடத்தையியல் பணியாளரையும் தன் வரம்பில் சேர்த்திருக்கிறது. நடைமுறை வேரூன்றும்வரை, பெங்களூரு நிம்ஹான்ஸ் குடும்ப மனநலப் பிரிவில் பயின்றவருக்கும் ஒரு வாரச் சான்றிதழ் வகுப்பு முடித்தவருக்கும் பலகையில் வித்தியாசம் தெரியாது.

யார் குடும்பம்?

2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளி தன் பிரதிநிதியைத் தானே நியமிக்கலாம் என்கிறது. அவர் இரத்த உறவாக இருக்கவேண்டியதில்லை. குடும்பம் கையெழுத்துப் போட்டுச் சேர்க்கும் வழக்கத்தில் வளர்ந்த மருத்துவர்கள் பலர் இதை எதிர்த்தார்கள்: பராமரிப்பதெல்லாம் குடும்பம், உரிமை மட்டும் தனிநபருக்கா என்று கேட்டார்கள். வீட்டாரே பூட்டிவைத்த அனுபவம் உள்ளவர்கள் வேறு கணக்குச் சொன்னார்கள். இரண்டு வாதத்திலும் உண்மை இருப்பதால்தான் அந்தத் தகராறு இன்னும் ஓயவில்லை.

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021-இல் இதே கேள்வி வேறு உருவில் வந்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ்ந்த இரு இளம்பெண்கள், பெற்றோரின் புகார்களால் போலீஸ் தொல்லைக்கு ஆளாகி, பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்களையும் பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார். அதோடு நிற்காமல், தன்பாலின ஈர்ப்பைப் பற்றித் தனக்கே புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, தானும் ஓர் உளவியலாளரிடம் அமர்வுக்குப் போனார். ஜூன் 7 அன்று வந்த ஆணை, பாலின ஈர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை முயற்சிகளைத் தடைசெய்தது. பிள்ளையை ‘சரிசெய்து தாருங்கள்’ என்று குடும்பம் கூட்டிவரும்போது, சிகிச்சை தேவைப்படுவது யாருக்கு என்ற கேள்வியை ஒரு நீதிமன்றமே கேட்ட தருணம் அது. 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, திருமணம் மட்டுமே குடும்பத்தை உண்டாக்கும் வழி இல்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று சொன்னது.

கொரோனாவுக்குப் பிறகு அறையே திரைக்குள் போய்விட்டது. துபாயில் வேலைபார்க்கும் அப்பா, காரைக்குடியில் அம்மா, கோவை விடுதியில் மகன் என்று சிதறிய வீட்டை ஒரே அமர்வில் சேர்க்க முன்பு வழியில்லை. இப்போது அரை மணியில் சேர்க்கலாம். இழப்பும் உண்டு. நாற்காலியை மாற்றிப்போட முடியாது. படத்துக்கு வெளியே நின்று யார் கண்சாடை காட்டுகிறார்கள் என்று தெரியாது. ஒற்றை அறை வீட்டில் மருமகள் எங்கே போய்ப் பேசுவாள்? மொட்டைமாடி, நிறுத்திய கார், குளியலறை என்று சிகிச்சைக்குப் புதிய அறைகள் கிடைத்திருக்கின்றன.

காலி நாற்காலி

போர் நடந்த இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் பிரச்சினை வேறு: ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, அதை எடுக்கவும் முடியாது. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் குடும்ப சிகிச்சையாளர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை 1970-களில் ஆய்ந்தபோது ‘தெளிவற்ற இழப்பு’ என்ற கருத்தை வடித்தார். உடலில்லை, செய்தியில்லை; ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பு. முடித்துவை, கடந்துபோ என்று அப்படிப்பட்டவர்களிடம் சொல்வது சிகிச்சையாகாது என்றார் அவர். இருக்கிறார், இல்லை என்ற இரண்டு எண்ணத்தையும் ஒருசேர வைத்துக்கொண்டு வாழ உதவுவதே முடிந்த வேலை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் படத்தைக் கையில் ஏந்தி அமர்ந்த தாய்மாருக்கு இந்தக் கருத்தை விளக்கவேண்டியதில்லை. பொட்டு வைப்பதா, திதி கொடுப்பதா, மகளின் கல்யாண அட்டையில் தகப்பன் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று அன்றாடம் அதற்குள்தான் வாழ்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பல்லாண்டு பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனிமனிதரோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துத் தாக்குகிறது, ஆற்றுதலும் அந்த அளவில்தான் நடக்கவேண்டும் என்று தொடர்ந்து எழுதிவந்திருக்கிறார்.

குடும்பத்தைக் கூட்டாளி நாற்காலியில் உட்காரவைத்ததில் ஒரு செலவும் மறைந்திருக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார்வது பெரும்பாலும் ஒரே ஆள், பெரும்பாலும் பெண். மனச்சிதைவு கண்டு கணவனால் கைவிடப்பட்ட பெண்களைப் பற்றிச் சென்னையில் மருத்துவர் ஆர். தாராவும் உடன் பணியாற்றியோரும் செய்த ஆய்வில், அவர்களைத் தாங்கிக்கொண்டிருந்தது வயதான பெற்றோர். 1984-இல் மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்திலிருந்து 1998-இல் வந்த ஓர் அளவுகோல், பராமரிப்பவரின் சுமையை அளக்கிறது. அதன் 40 கேள்விகளில் பலவும் பராமரிப்பவரைப் பற்றியவை: தூக்கம், உடம்பு, காசு, வெளியே போகமுடிகிறதா, வேறு யாராவது கைகொடுக்கிறார்களா.

அப்படிப்பட்ட கேள்வி நேரில் கேட்கப்படும்போது நடப்பது இது. எழுபதைத் தாண்டிய அம்மா. பக்கத்தில் நாற்பத்தைந்து வயது மகன். மஞ்சப்பையிலிருந்து பழைய மருத்துவச் சீட்டுகள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. மகனிடம் பேசி முடித்த மருத்துவர் அம்மாவைப் பார்த்துக் கேட்கிறார்: ‘நீங்க எப்படிம்மா இருக்கீங்க? தூங்குறீங்களா?’ அவர் சற்றுநேரம் விழிக்கிறார். பிறகு சீட்டுகளை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டே சொல்கிறார்: ‘ராத்திரி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாடி குடுக்கலாமுங்களா சார்? பின்னாடி குடுத்தா இவனுக்குத் தூக்கம் லேட்டாகுது.’